எழுதாத தாளுக்கு எழுபத்தெட்டு

18.8.2008, திங்கள்

ஆன்லைன் பி.காம். கடைசி வருட ரிசல்ட் வந்துவிட்டது. ஐந்து தாளிலும் பாஸ். ஆனால் புள்ளியியல் தேர்வன்று எனக்குக் காய்ச்சல். தேர்வு எழுதும் பிரவுசிங் சென்டர் பக்கமே போகவில்லை. அதில்தான் எழுபத்தெட்டு, மற்ற எல்லாவற்றையும்விட அதிகம்.

என்னைச் சேர்த்துவிட்ட மதுராந்தகம் ஏஜெண்டிடம் போய்க் கேட்டேன். மார்க் ஷீட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதான் பாஸ் ஆயிட்டல்ல? இன்னாத்துக்கு நோண்டிகினு கீற அண்ணாத்த?"

வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேசரி போய்விட்டிருக்கிறது. "நாளைக்கே ஆபீஸ்ல குடுத்துடுங்க, புரமோஷன் லிஸ்ட் போட்டுடப் போறாங்க" என்கிறாள் மனைவி.

அந்த ஒரு தாள் கிடக்கட்டும். விடியற்காலையில் எழுந்து படித்து நான் எழுதிய மற்ற நான்கையும் யாராவது திறந்தாவது பார்த்தார்களா?