ஐம்பத்தெட்டு டிகிரி மண்

பிப்ரவரி 9
லேபில் சூட்டுப்பெட்டியைத் திறந்தேன். ஐம்பத்தெட்டு டிகிரியில் மண்ணோடு வைத்திருந்த நாற்றுப்பை தொட்டதுமே பொடிப்பொடியாக உதிர்ந்தது. மக்கும் பிளாஸ்டிக்! மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா போன் பண்ணினாள். வேலையை விட்டுவிட்டு மலையில் பேரிக்காய்த் தோட்டம் போடுகிறாள். கன்றுகள் எங்கள் கம்பெனிப் பையில்தான் வந்திருக்கின்றன.

"பையைக் கிழிக்காம அப்படியே நடலாமாடி?"

"கண்ண மூடிக்கிட்டு நட்டுடுக்கா. மண்ணுக்குள்ள தானா மக்கிடும்."

மே 21
இலை பழுக்குதாம். தண்ணி ஜாஸ்தியாயிருக்கும் என்றேன். பெரிய மேதாவி நான்.

ஜூலை 30
தோட்டத்துக்குப் போனேன். அக்கா ஒரு கன்றைப் பிடித்து இழுத்தாள், கையோடு வந்துவிட்டது. பை அப்படியே இருக்கிறது — 'மக்கும்' என்ற எழுத்துகூட அழியவில்லை. உள்ளே வேர் வெளியே போக வழியில்லாமல் சுருண்டு கிடந்தது. மண்ணில் தெர்மாமீட்டரைச் செருகினேன். பதிமூன்று. ஜூலையிலேயே பதிமூன்று!

"நீ எவ்வளவு சூட்டுல வச்சுப் பாத்தே?"

சொன்னேன்.

"எந்த ஊரு மண்ணுடி அப்படிக் கொதிக்கும்?"

குப்பையைக் குவித்து மக்கவைக்கிற ஆலையில் கொதிக்கும். தோட்டத்தில்? இது எனக்குத் தெரியாதா? தெரியும். அப்புறம் என் புத்தி எங்க போச்சு? அவ கேட்டப்போ ஏன் ஒரு நிமிஷம் யோசிக்கல?

ஆகஸ்ட் 1
அக்கா, அத்தான், நான் — மூவரும் ஒவ்வொரு கன்றாகத் தோண்டி, பிளேடால் பையை அறுத்தோம்.

"விஞ்ஞானியம்மா, கைய அறுத்துக்காத" என்றார் அத்தான். சிரிக்கவைக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அடுத்த கன்றைத் தோண்டப் போனாள்.

ஆகஸ்ட் 4
'தோட்ட மண்ணில் மக்காது' என்று பையில் அச்சடிக்கச் சொன்னேன்.

"உன் டெஸ்ட்டுல தப்பே இல்லையேம்மா?" என்கிறார் மேனேஜர்.

அதானே கொடுமை.

செப்டம்பர் 18
கன்று பாதிக்கு மேல் போச்சு.

அக்டோபர் 6
அக்கா என் போனை எடுப்பதே இல்லை. இன்று அத்தான் லேபுக்கு வந்தார். மிச்சக் கன்றுகளும் பட்டுப்போச்சாம். அக்கா பழைய ஆபீஸிலேயே வேலை கேட்டுப் போயிருக்கிறாளாம். ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார்.

"இதுல வச்சுப் பாக்கச் சொன்னா."

தோட்டத்து மண். அன்று பிடுங்கிய கன்றின் பையிலேயே கட்டியிருந்தாள், கழுவிக் காயவைத்து. ஒரு கிழிசல் இல்லை.

அந்தப் பையில் ஒரு துண்டு வெட்டி அந்த மண்ணிலேயே புதைத்தேன். சூட்டுப்பெட்டி அவ்வளவு கீழே இறங்காது. குளிர்பெட்டியைக் காலி பண்ணி, பதிமூன்றுக்குத் திருப்பினேன்.

"என்ன டெஸ்ட் இது?" என்றார் மேனேஜர்.

"எங்க அக்காவோடது சார்."