மேலே ஏறாத தண்ணீர்

அக்கா, என் தங்கமான அக்கா,

போன மாதம் உன் வீட்டு வாசலுக்குக் குழாய் வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ போய் ஏழு மாதம் கழித்து வந்த குழாயைப் பற்றி உனக்கே எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

உன் மகள் செல்விதான் முதலில் திறந்தாள். ஒரு குடம் நிறைந்ததும் சட்டென்று மூடிவிட்டு, "அம்மா இருந்திருந்தா இதைத் தொறக்கவே வுட்டிருக்காது மாமா, தீந்துடும்னு சொல்லும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, ஜீப்பில் எதையோ எடுக்கப் போகிறவன் போலத் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

ஒன்பது வருடத்துக்கு முன் நம் மலை ஊருக்கு நான் போட்ட குடிநீர்த் திட்டம் உனக்கு மறந்திருக்காது. சுனையிலிருந்து தொட்டிக்கு, தொட்டியிலிருந்து ஊருக்கு. மோட்டார் கிடையாது, கரண்டு கிடையாது, சரிவில் தண்ணீர் தானாக இறங்கி வரும். யாருக்கும் தெரியாத இன்ஜினியராக இருந்த என்னை, இயற்கையைக் கெடுக்காமல் கட்டுகிறவர் என்று மேடையேற்றியது அந்தத் தொட்டிதான். உன் வீட்டோடு சேர்த்து ஐந்து வீடுகள் மட்டும் சுனையை விட உயரமான மேட்டில் இருந்தன.

நீ ஒரே ஒரு முறைதான் கேட்டாய். சாமை புடைத்துக்கொண்டே, "ஏன்டா தம்பி, இந்தத் தண்ணி எங்க வூட்டாண்ட வராதா?" என்றாய்.

"தண்ணி எப்படிக்கா மேல ஏறும்?" என்று சிரித்தேன்.

"அதுவும் சரிதான். படிச்சவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சின்ன சோலார் பம்பு ஒன்று போதும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். பம்பு கெட்டால் அடிவாரத்திலிருந்து ஆள் வர வேண்டும், வரமாட்டான், துருப்பிடித்துக் கிடக்கும் என்று அலுவலகத்தில் வாதாடினேன். அது பொய்யில்லை. ஆனால் இயந்திரமே இல்லாத திட்டம் என்று சொல்லிக்கொள்ளும் பெருமை போய்விடுமே என்பதுதான் என் உண்மையான கவலை. உன்னிடம் மறைத்து இனி என்ன ஆகப்போகிறது?

திறப்பு விழா அன்று கீழே குழாயடியில் உன்னைக் குடத்தோடு நிற்கவைத்துப் படம் எடுத்தேனே. நன்றாகச் சிரி என்றதற்கு, "இன்னாடா, கல்யாணப் பொண்ணா நானு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாய். அந்தப் படத்தை எத்தனை கூட்டங்களில் காட்டியிருக்கிறேன்! பெண்களின் சுமை குறைந்தது என்று கீழே எழுதியிருப்பேன். இது என் அக்கா என்று ஒரு மேடையிலும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், அக்கா வீடு எங்கே என்று யாராவது கேட்டிருப்பார்கள். படம் எடுத்து முடிந்ததும் நீ குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறினாய். நான் ஜமுனாமரத்தூர் போக ஜீப்பில் ஏறினேன்.

நீ போன அன்று உன்னைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டியிருந்தது. நான் கொண்டுவருகிறேன் என்று குடத்தை வாங்கிக்கொண்டு இறங்கினேன். திரும்பும்போது பாதி மேட்டில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். உன் எதிர்வீட்டுக் குப்பன் ஓடிவந்து, "வுடுங்க சார், உங்களுக்குப் பழக்கமில்ல, நான் எடுத்தாறேன்" என்றான். நம் ஊரிலேயே நான் சார் ஆகிவிட்டேன், அக்கா. குடத்தை அவனிடம் கொடுக்கவில்லை. பாதியைச் சட்டையில் சிந்திக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

ஒரு நாளைக்கு எத்தனை நடை நடந்தாய்? நெஞ்சுவலி என்றார்கள். குடம் சுமந்ததாலா என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

காரியம் முடிந்ததும், பம்பு வேண்டாம் என்று வாதாடிய அதே அலுவலகத்தில் போய்ப் பம்பு கேட்டேன். பழுது பார்க்க ஆள்? செல்வியின் வீட்டுக்காரர் அடிவாரத்துக்குப் போய் இரண்டே நாளில் கற்றுக்கொண்டு வந்துவிட்டார். ஒன்பது வருடம் நான் சொல்லிவந்த காரணம் இரண்டு நாளில் முடிந்துபோனது.

தண்ணீர் மேலே ஏறும், அக்கா. எனக்கு அன்றைக்கும் தெரியும்.

அந்தப் படத்தை இனியும் காட்டுவேன். இது என் அக்கா, குழாய் இவள் வீட்டுக்குப் போகவில்லை, போகவிடாதவன் நான்தான் என்று சொல்லித்தான் காட்டுவேன். எந்த ஊரில் வேலை எடுத்தாலும், நிறைகுடத்தோடு அந்த ஊரின் உயரமான வீடுவரை நடந்த பிறகே வரைபடத்தில் கை வைப்பேன். இது உன்மேல் சத்தியம்.

உன் வீட்டுக்கு ஒரே ஒரு முறை தண்ணீர் சுமந்த,
உன் தம்பி