சரிவில் போர்த்திய கரைவலை

மச்சான்,

இன்று காலை மேட்டுக்காணியில் மரவள்ளி கிண்டும்போது மண்வெட்டி நுனியில் ஒரு தென்னந்தும்புக் கயிற்று முடிச்சு வந்தது. மணந்து பார்த்தேன். கடல் வாசம் போய் மண் வாசம்தான். ஆனால் அந்த இரட்டைச் சுற்று உன் கை போட்டது. நீ மௌத்தாகி மண்ணுக்குள் போய் இரண்டு மாரி கழிந்தும் உன் முடிச்சு அவிழவில்லை, பார்.

சவளக்கடை ஊருக்கு அப்பால் காடு வெட்டி நான் எடுத்த சரிவு இது. எனக்கு வேறு காணி இல்லை. முதல் மாரியிலேயே மேல்மண் வழிந்து பள்ளத்துக்குப் போனது. இன்னொரு மாரி இப்படிப் பெய்தால் பாறைதான் மிச்சம் என்று உன்னிடம் வந்து புலம்பினேன். கரையில் நின்று இழுக்கும் உன் பழைய கரைவலையின் இரு பக்கத் தும்புச் சிறகுகளை அறுத்து வண்டியில் ஏற்றி வந்தாய். கிழிசலைப் பொத்தினால் இன்னும் ஒரு பருவம் கடலுக்குப் போகக்கூடிய வலை. "வலைக்கண்ணு தண்ணிய விடும், மண்ண விடாது மச்சான்" என்றாய்.

இரண்டு பேருக்கும் கடற்கரைப் புத்தி. மணலில் வலை காயப்போடுவது போல முளை அடித்து விறைக்க இழுத்துக் கட்டினோம். அடைமழை வந்தது. பள்ளங்களுக்கு மேலே வலை அந்தரத்தில் நிற்க, அடியால் ஓடிய தண்ணீர் விதைத்த சோளத்தையும் மண்ணையும் வாரிக்கொண்டு போனது. "உன்ட வலையும் நீயும்" என்று கத்தினேன். நீ தலை குனிந்து நின்றாய். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாயிருக்கிறது.

சோறு கொண்டுவந்த என் பெண்சாதி, உன் தங்கச்சி, பார்த்துவிட்டு உன்னிடம் சொன்னாள்: "காக்கா, பிள்ளைக்குப் போர்த்துற சீலைய இப்பிடியா இழுத்துக் கட்டுவீங்க?"

நனைந்தபடியே நீ முளைகளைப் பிடுங்கினாய். பள்ளம் மேடெல்லாம் ஒட்டும்படி தளர விரித்து, காலால் மிதித்து, முழத்துக்கொரு முளை இறக்கி, மறுபடி விதைத்தோம். அடுத்த மழைக்குக் கீழே வந்த தண்ணீரில் கலங்கல் குறைந்திருந்தது. வலைக்கண்களுக்குள்ளால் சோளம் எட்டிப் பார்த்த அன்று, இப்படியொரு மீன்பாட்டை உன் வலை கண்டதில்லை என்று சிரித்தாய்.

கத்தியதற்கு மாப்புக் கேட்க நினைத்து நினைத்தே காலத்தைக் கடத்திவிட்டேன். இப்போது கேட்கிறேன். பக்கத்துச் சரிவுக்காரர்களும் தும்புவலை தேடி வருகிறார்கள். இழுத்துக் கட்டாமல் போர்த்துங்கள் என்று முதலில் சொல்லித்தான் விடுகிறேன்.

முடிச்சைக் கழுவி வீட்டில் வைக்கச் சொல்லி உன் தங்கச்சி கண் கலங்கினாள். ஓம் என்றேன். பிறகு மனம் கேட்கவில்லை. மரவள்ளியின் சல்லிவேர் ஒன்று அதற்குள்ளால் போயிருந்தது, மச்சான். எடுத்த இடத்திலேயே புதைத்துவிட்டேன். மாரி வருகிறது, அதற்கு இன்னும் வேலை இருக்கிறது.