பூசவா, உடைக்கவா

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, வீடு நிறையத் தூசி, எல்லோரும் நலம். அங்கே நீயும் உன் கம்பெனியும் உன் மஞ்சள் ஹெல்மெட்டும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துவிடாதே, உள்ளே படுக்கையறையில் உன் அப்பா உளியும் சுத்தியலுமாக அடித்துக்கொண்டிருக்கிறார், ஒவ்வொரு அடிக்கும் இந்த மேஜை ஒரு ஆட்டம் ஆடுகிறது. எதை உடைக்கிறார், எதற்கு உடைக்கிறார் என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும், அதனால் சைட்டில் நின்றபடி படிக்காமல் எங்காவது உட்கார்ந்து படி.

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. போனில் கேட்டால் அப்பா சரி சரி பாக்கலாம் என்று வைத்துவிடுவார் என்று தெரிந்துதான் காகிதத்தில் எழுதிக் கேட்டிருக்கிறாய், அந்தப் புத்தி உனக்கு என் பக்கத்திலிருந்து வந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்றதால் சாப்பிடும்போது நான்தான் உரக்கப் படித்தேன். நீ சொந்தமாகத் தொழில் தொடங்கி எடுத்த முதல் வீடு, வீட்டுக்காரர்கள் புருஷன் பெண்டாட்டி இருவருமே பள்ளி ஆசிரியர்கள், கீழ்த்தளத் தூண்களுக்குக் கான்கிரீட் கொட்டும்போது அதை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் மெஷின் பாதியில் நின்றுபோய் ஆட்கள் கம்பியால் குத்திச் சமாளித்திருக்கிறார்கள், பலகையைப் பிரித்தால் மூலைத் தூணின் அடியில் ஜல்லி பல்லை இளிக்கிறது, விரலை விட்டால் உள்ளே போகிறது. இதெல்லாம் சகஜம்மா, ஒரு சட்டி கலவை போதும், பூசிட்டா கட்டினவனுக்கே அடையாளம் தெரியாது என்கிறார் உன் மேஸ்திரி. முதல் வேலையிலேயே உடைச்சோம்னு வெளிய தெரிஞ்சா ரெண்டாவது வேலைய யாரு தருவா என்று நகம் கடிக்கிறான் உன் கூட்டாளி, அந்த மூக்குக்கண்ணாடிக்காரன். தூண்களுக்கு மேலே சிலாப் போட நாளும் குறித்தாகிவிட்டது. சொன்னால் வேலை கைநழுவிப் போகுமோ என்று பயம், சொல்லாவிட்டால் உனக்குத் தூக்கம் வரவில்லை. கடைசியில் ஒரே ஒரு வரி, அப்பா, பூசவா, உடைக்கவா. நான் படித்து முடித்ததும் உன் அப்பா கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தட்டில் போட்டது போட்டபடி இருக்க எழுந்து போய்விட்டார். குழம்பில் உப்பு கூடிவிட்டதோ என்று நான் ருசி பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

பதில் வரத் தாமதமானால் நீ வாடிப்போவாய் என்று நானே நாலு பேரிடம் யோசனை கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். டைல்ஸ் கடை வைத்திருக்கும் உன் மாமா, இதுக்குப் போயா கவலைப்படுறீங்க அக்கா, பூசி மேல கிரானைட் ஒட்டிடச் சொல்லுங்க, கல்ல நானே அனுப்பறேன் என்றான். உலகத்தில் டைல்ஸ் ஒட்டி மறைக்க முடியாத தப்பு எதுவுமே இல்லை என்பது அவன் கட்சி. உன் அக்கா, உடைச்சா எல்லாரும் சிரிப்பாங்கம்மா என்றாள். உடைக்காவிட்டால் என்றேன். அப்ப யாருக்கும் தெரியாதே என்றாள். பெரிய படிப்பு படித்தவள், அவள் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. கடைசியாக உன் அப்பாவிடமே என்ன எழுதட்டும் என்று கேட்டேன். பாக்கலாம் என்றார். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள், நான் வீடு கட்டுகிறவரையே கல்யாணம் பண்ணிப் பார்த்தவள், அவர் பாக்கலாம் என்றால் பார்க்க மனமில்லை என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரியாதா.

இதற்கு நடுவில் கட்டுமானத் தொழில் சங்கத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். இளம் தொழில்முனைவோரை ஊக்குவிப்போம் என்று மேடை அகலத்துக்குத் துணியில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். நானும் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். சங்கத் தலைவரை உனக்கு ஞாபகம் இருக்கும், தொழிலில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் தண்ணிக்கலவை என்பார்களே, அவர்தான். அவர் பேச்சும் அதே பக்குவம், வாளி வாளியாக வந்தது, ஒன்றும் ஒட்டவில்லை. கட்டடத் தொழிலில் ஜெயிக்க வேண்டுமானால் முகம் சிரித்தபடி இருக்க வேண்டுமாம், விசிட்டிங் கார்டு கெட்டி அட்டையில் இருக்க வேண்டுமாம், காலையில் சீக்கிரம் எழ வேண்டுமாம். சிமெண்ட் என்ற சொல்லைக் கடைசிவரை அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. இங்கே வந்திருக்கும் இளைஞர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார். மைக்செட் போட வந்த பையனும், தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணும் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்கள், மற்றபடி ஒருவரும் எழவில்லை. சிறந்த இளம் தொழில்முனைவோர் விருதைத் தலைவரின் மருமகன் வாங்கினார், தலைக்குச் சாயம் போட்டிருந்தார், மேடை ஏறத்தான் முழங்கால் வலி கொஞ்சம் தடையாக இருந்தது. நீ இங்கே இருந்த காலத்தில் ஒரு சின்ன சுற்றுச்சுவர் வேலை கேட்டு இதே சங்கத்துப் படியேறினாயே, பொம்பளப் புள்ளைக்கு எதுக்குமா இந்த வெயில் என்று திருப்பி அனுப்பினார்களே, அந்த வாய்களெல்லாம் ஊக்குவிப்பதைக் கேட்கக் காது குளிர்ந்தது.

அப்புறம் உன் அப்பாவைப் பேசக் கூப்பிட்டார்கள். மூத்தவர் வழிகாட்டல் என்று தலைப்பு, சங்கத்தில் யாரோ எழுதிக் கொடுத்த தாளைத்தான் படித்தார். இளைஞர்களே என்று தொடங்கி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தரத்தில் ஒருபோதும் சமரசம் செய்யாதீர்கள் என்ற வரி வந்தது. அதைப் படித்தார், நின்றார், சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார், உன் கடிதம் அதில்தான் இருந்தது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார், மீதித் தாளை மடித்தார், வந்து உட்கார்ந்துவிட்டார். பேச்சு முடிந்தது என்று நினைத்து அன்றைக்கு வந்ததிலேயே பலமான கைத்தட்டலை அவருக்குத்தான் தட்டினார்கள், சுருக்கமாகப் பேசியதற்காக. வரும் வழியெல்லாம் சட்டைப்பையைத் தொட்டபடியே வந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் பாக்கலாம் என்பார்.

மறுநாள் காலையில் காபியைக் குடித்துவிட்டு நேராகப் படுக்கையறைக்குப் போய் பீரோவை நகர்த்த ஆரம்பித்தார். அந்த இரும்பு பீரோவை உனக்குத் தெரியும். வெள்ளையடிக்க வந்தாலும் அதை நகர்த்த விடமாட்டார், கீழே உருண்டுபோன உன் ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸை எடுக்க நீ அதைத் தள்ளப் போய் அடி வாங்கியிருக்கிறாய், காம்பஸுக்காக அப்படி ஒரு அடியா என்று நான் உன் பக்கம் சண்டைக்குப் போயிருக்கிறேன். அன்றைக்கு அதை அவரே தள்ளினார். பின்னால் தூண் இருந்தது. பார்வைக்கு ஒன்றுமில்லை, வழவழவென்று பூசின தூண்தான். உளியை வைத்து நாலு தட்டு தட்டினார், பூச்சு சப்பென்று பெயர்ந்து விழுந்தது. உள்ளே ஜல்லி பல்லை இளித்தது, கண்ணு. விரலை விட்டால் உள்ளே போனது, நான் விட்டுப் பார்த்தேன்.

அது அவர் சொந்தமாகத் தொழில் தொடங்கிக் கட்டின முதல் கட்டடம், நம் வீடு. குடிபோகும் நாளை எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது, மாப்பிள்ளைக்கு வேலை தெரிகிறதா என்று என் அப்பா வேறு பார்க்க வருகிறார், அந்த நேரத்தில் தூணை உடைத்துக்கொண்டு நிற்பதா என்று ஒரு சட்டி கலவையில் விஷயத்தை முடித்திருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது, பீரோவுக்குப் பின்னால் மறைக்கலாம். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அந்த அறையில் தூங்கினது யார், நானும் நீங்கள் இரண்டு பெண்களும். ஹாலில் பாய் போட்டுப் படுத்தது யார், அவர். காத்து நல்லா வருது, நான் இங்கயே படுத்துக்கறேன் என்று இத்தனை வருஷம் சொன்னதை நான் நம்பியிருக்கிறேன் பார். பாதுகாப்பான இடமாகப் பார்த்து நீங்க படுத்துக்கிட்டீங்களா என்று கேட்டேவிட்டேன்.

அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். காத்துக்காக இல்ல, உள்ள ஏதாவது சத்தம் கேட்டா உங்க மூணு பேரையும் வெளிய இழுத்துட்டு வர ஒரு ஆள் முழிச்சிருக்கணும்ல என்றார். ஒரு கரண்டி விழுந்தால்கூட எழுந்து உட்காருவாரே, பல்லி கத்தினால் விளக்கைப் போடுவாரே, மழைக் காலத்தில் அறைவாசலில் வந்து நின்றுவிட்டுப் போவாரே, நாம் எல்லோரும் கிண்டல் செய்வோமே. ஒரு தூணை உடைக்க மனம் வராமல் ஒரு ஆயுசுத் தூக்கத்தை உடைத்துக்கொண்ட மனிதரை என்ன செய்வது சொல். அடிக்கலாம் என்று போனேன், அழுதுவிட்டு வந்தேன்.

தூணைச் சுற்றி நாலு பக்கமும் உத்தரத்துக்கு இரும்பு முட்டு கொடுத்திருக்கிறார், பழைய கொத்தனார் வந்து சரிபார்த்துவிட்டுப் போனார், அதனால் நீ பயப்படாதே. கட்டிலும் துணிமணியும் ஹாலுக்கு வந்துவிட்டன. அப்பா உனக்கு எழுதச் சொன்ன பதில் இதுதான்: உடைக்கச் சொல்லு. சிலாப் ஏறுறதுக்கு முன்னாடி அது ரெண்டு நாள் வேலை, ஏறிட்டா ஆயுசுக்கும் வேலை. இனி நான் சொல்வதையும் கேட்டுக்கொள். அந்த ஆசிரியர்கள் தாங்களாகக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காதே, தப்பைக் கண்டுபிடிப்பது அவர்கள் பிழைப்பு, நீயே கூப்பிட்டுத் தூணைக் காட்டு, உடைக்கும்போது பக்கத்தில் நிற்க வை. வேலையைப் பிடுங்கினால் பிடுங்கிக்கொள்ளட்டும். முதலில் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், ஆனால் தன் தப்பைத் தானே உடைத்த பெண்ணை எந்த வாத்தியாரும் பெயிலாக்க மாட்டார். மேஸ்திரியை ஆட்கள் முன்னால் திட்டாதே, தனியாகக் கூப்பிட்டுத் திட்டு. வாடகைக்காவது இன்னொரு வைப்ரேட்டர் எடுத்து வை. கண்ணாடிக்காரன் பிரிந்து போகிறேன் என்றால் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பு, அவனுக்கு மாமாவின் டைல்ஸ் கடையில் நல்ல எதிர்காலம் இருக்கிறது. தண்ணிக்கலவை சொன்னதில் ஒன்று மட்டும் சரி, காலையில் சீக்கிரம் எழு. அதற்கு முதலில் தூங்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. மேஜை ஆடவில்லை என்பதைக் கடைசி நாலு வரியைப் பார்த்தாலே தெரியும். என்ன ஆயிற்றோ என்று எட்டிப் பார்த்தேன், கை நிறையத் தூசியோடு, பட்டப்பகலில், ஹாலில் வெறுந்தரையில் படுத்துத் தூங்குகிறார். எழுப்பலாம் என்று தம்ளரைக் கீழே போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. கண்ணு, உன் அப்பா குறட்டை விடுவார் என்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

உன் கையால் எழும்புவதெல்லாம் நிமிர்ந்து நிற்கட்டும், அதற்குக் கீழே இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கட்டும், நீயும் தூங்கு. உடைத்துவிட்டு ஒரு வரி போடு, அப்பா கேட்பார். ஹெல்மெட் பட்டையை மாட்ட மறக்காதே.

குறட்டைச் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழாமல்,
உன் அம்மா