வளைவின் இரண்டு பக்கம்

டேய்,

விளக்குப் பலகைக்கு மின்சாரம் கொடுத்ததும் பிளாஸ்டிக் சூடேறும் வாசனை வந்தது. அவ்வளவுதான், எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் கடைக்காரர்கள் சேர்ந்து வைக்கும் தீபாவளி வளைவை, நீ இல்லாமல் இந்த வருடம்தான் முதன்முறையாக ஏற்றுகிறேன். பங்குனியில் போய்ச் சேர்ந்தாயே, அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

வளைவுக்கு இரண்டு முகம். இரண்டிலும் ஓடும் படம் நிரலில் ஓர் அரே, வரிசை வரிசையாகப் புள்ளிகளை அடுக்கிய பட்டியல். பின்பக்கப் பலகையின் கம்பிகள் எதிர்த்திசையில் ஓடுவதால், படத்தின் ஒவ்வொரு வரிசைக்குள்ளும் புள்ளிகளைக் கடைசியிலிருந்து முதலாக மாற்றி அனுப்ப வேண்டும். முதல் வருடம், அவசரக்குடுக்கை நீ, வரிசைக்குள் போகாமல் வரிசைகளையே திருப்பிவிட்டாய். மேல் வரிசை கீழே போய், குத்துவிளக்கு தலைகீழாகத் தொங்கியது. மளிகைக்கடை அண்ணன் பதறிப்போனார்.

"தீபாவளியும் அதுவுமா விளக்கைக் கவுத்துட்டீங்களே தம்பி!"

"டூ மினிட்ஸ்ணே. வெளி அரேயத் திருப்பிட்டேன், உள்ள இருக்கறதத் திருப்பணும் லா."

திருப்பினாய். பின்பக்கம் சரியானது. முன்பக்கத்தில் வாழ்த்து எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாக மாறிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே அரேயைத்தான் படித்துக்கொண்டிருந்தன. விழுந்து விழுந்து சிரித்தாய். "காப்பி எடுக்காம எதையும் திருப்பாதடா" என்று, ஏதோ நான் செய்த தப்புபோல எனக்கே சொன்னாய். இன்றும் நகலெடுத்துத்தான் திருப்புகிறேன்.

அதன்பிறகு அதுவே நம் வழக்கமானது. நான் மடிக்கணினியோடு முன்பக்கம், நீ கைப்பேசியோடு பின்பக்கம். "எழுத்து நேரா இருக்கு. சுடர் மேல பாக்குது. ஓகே லா." அதைக் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

இந்த வருடம் பின்பக்கம் கடைக்காரர்கள் கேமரா வைத்தார்கள். திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. மனசு கேட்கவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தேன், சரி. முன்பக்கம் ஓடினேன், அதுவும் சரி. அதற்குள் பின்பக்கம் மாறியிருக்குமோ என்று மறுபடி ஓடினேன். பைத்தியக்காரத்தனம்தான், தெரிகிறது. கால் நின்றால்தானே?

பூக்கடை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்லாத்தானே தம்பி எரியுது. ஏன் ஒத்த ஆளா ஓடுறீங்க? உங்க கூட்டாளி எங்க?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். வேறு வந்தது.

"அந்தப் பக்கம் நிக்கிறான்கா."

சரியென்று அவர் பூத்தொடுக்கத் திரும்பினார். அதன்பிறகு நான் ஓடவில்லை.