வெள்ளிமலை பஸ்ஸின் முதுகில் உன் முகம்

இன்று காலையும் வெள்ளிமலை பஸ்ஸின் பின்னால் உன்னைப் பார்த்தேன். வெள்ளைச் சீருடை, கழுத்தில் மாலை போட்டதுபோல் ஸ்டெதஸ்கோப், பக்கத்தில் நீல எழுத்தில் 'செவிலியர்கள் தேவை'. நீ வேலை பார்த்த சென்னை ஆஸ்பத்திரியின் விளம்பரம். உயிரோடு இருந்தபோது எடுத்த படம்தான். ஆனால் நீ செத்த பிறகுதான் ஒட்டினார்கள்.

எனக்கு வேலை மலைமேல், ஆரம்ப சுகாதார நிலையத்தில். அதனால் ஸ்கூட்டியில் அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஏற வேண்டியிருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது நீ மறைகிறாய். அடுத்த வளைவில், பனிக்குள்ளிருந்து, எனக்கு மேலே நின்று குனிந்து பார்க்கிறாய். உன் தெத்துப்பல்லைக் காணோம். கம்ப்யூட்டரில் நேராக்கிவிட்டார்கள். உன் கண்ணையும் கன்னத்தையும் வைத்துக்கொண்டு வேறு யாரோ சிரிக்கிறாள்.

காயத்துக்குக் கட்டு மாற்ற வந்த மலைக்காரப் பெண் ஒருத்தி கேட்டாள்: "பஸ்ல வர்ற நர்சம்மா எறங்கவே மாட்டாங்களா? எந்தப் பக்கம் நின்னாலும் நம்மளையே பாக்குறாங்க." நான் கட்டை இறுக்கினேன்.

நர்சிங் படிப்பு முடிந்ததும் தியாகதுருகம் கோட்டை மேல் உட்கார்ந்து நாம் சண்டை போட்டது நினைவிருக்கிறதா? எனக்கு மலையில் ஒப்பந்த வேலை, உனக்குச் சென்னையில் கண்ணாடிக் கட்டட ஆஸ்பத்திரி.

"கரடிக்கா ஊசி போடப் போற?" என்று சிரித்தாய்.

"நீ மட்டும் இன்னா, லிப்டுக்கு குட்மார்னிங் சொல்லப் போற."

சட்டென்று உன் முகம் மாறியது. "பேரு வேணும்டி. அந்த ஆஸ்பத்திரி பேரச் சொன்னா வெளிநாட்டுல கதவு தொறக்கும். நம்ம தெரு கருணாபுரம்னு சொன்னா இந்த ஊர்லயே எவன் தொறக்குறான்?"

கூலிக்காரர் வீட்டுப் பெண்ணுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் பேர் எதற்கு என்று கேட்பவர்கள், தங்கள் பிள்ளைகளை அங்கேதான் சேர்க்கிறார்கள்.

ஆனால் நீ வேலை பார்த்த வார்டிலேயே உனக்குக் காய்ச்சல் தொற்றியபோது, அத்தனை மாடிகளில் உனக்கு ஒரு கட்டில் இல்லை. ஊருக்குப் போய் ஓய்வெடு என்று அனுப்பினார்கள். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே வந்தாய். கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில் நான் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது அடையாள அட்டை உன் கழுத்திலேயே இருந்தது. கழற்றப் போனேன். நீ அதைப் பிடித்த விரலை விடவில்லை.

உன் அம்மா தினமும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, பஸ் கிளம்புமுன் உன் முகத்துப் புழுதியை முந்தானையால் துடைக்கிறார். அதுவரை கண்டக்டர் விசில் அடிப்பதில்லை. "எம் பொண்ணு மலைக்குப் போய்க்கினு கீறா" என்று பக்கத்தில் நிற்பவர்களிடம் சொல்கிறார்.

அதே ஆஸ்பத்திரி பிறகு உன் தங்கையைக் கூப்பிட்டது. அவளும் நர்சிங் முடித்துவிட்டாள். "அக்கா மூஞ்சியப் போட்டு மரியாத பண்ணவங்க, தங்கச்சிய வுட்டுடுவாங்களா?" என்றார் அம்மா. உன் தங்கை என்னிடம் வந்தாள்.

"நேரா சொல்லுக்கா. பெரிய ஆஸ்பத்திரி பேரு வேணுமா, வேணாமா?"

"வேணும். பொய் சொல்ல மாட்டேன். ஆனா சேர்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேளு. எனக்கு ஒடம்பு முடியலன்னா எந்தக் கட்டில்ல போடுவீங்கன்னு கேளு."

போன மாதம் ஒரு மாலை உங்கள் வீட்டில், நாங்கள் எல்லோரும் கேட்கும்படி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டு அதையே கேட்டாள். எதிர்முனையில் கீபோர்டு தட்டும் சத்தம் நின்றது. பிறகு ஒரு மென்மையான பெண் குரல்.

"உங்க அக்காவும் ஜாயின் பண்றப்போ இதையேதாம்மா கேட்டாங்க. எந்தக் கட்டில்னு."

"நீங்க இன்னா சொன்னீங்க மேடம்?"

"உங்களுக்குச் சொல்றதத்தான் சொன்னேன். அதெல்லாம் நாங்க பாத்துப்போம், பயப்படாம வாங்க."

உன் தங்கை போனை அணைத்தாள். "நான் போவல" என்றாள். அடுப்பில் உலை பொங்கி வழிந்தது, யாரும் இறக்கவில்லை.

நீ கேட்டிருக்கிறாய். கேட்டுவிட்டும் போயிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கேள்வி என் புத்தியில் உதித்ததென்று நினைத்திருந்தேன். சொல்லுக்குச் சொல் அது உன்னுடையது.

உன் தங்கை வேறு ஆஸ்பத்திரிகளுக்கு விண்ணப்பிக்கிறாள். எல்லா இடத்திலும் அதையே கேட்கிறாள். வேலை தேடி என்னிடம் யோசனை கேட்கும் பெண்களுக்கெல்லாம் நானும் அதைத்தான் சொல்லி அனுப்புகிறேன். யார் குரலில் சொல்கிறேன் என்பதுதான் இப்போது எனக்கு நிச்சயமில்லை.