வண்டி ஸ்டாண்டுக்கு உன் பெயரா, மச்சான்?

என் அருமை மச்சான் சேகருக்கு,

அருமை என்று எழுதிவிட்டு ஒரு நிமிஷம் பேனாவை மூடி வைத்தேன். அடித்துவிட்டு வேறு வார்த்தை போடலாமா என்று பார்த்தேன். முதல் வரியிலாவது மரியாதை இருக்கட்டும் என்கிறாள் தேன்மொழி. உன் தங்கச்சி என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து உனக்காக என்னிடம் சிபாரிசு செய்துகொண்டேதான் இருக்கிறாள். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. எப்படிப் போனாய் என்று உனக்கே தெரியாமல் இருக்கலாம், சொல்கிறேன். யாரோ ஒருவருடைய ஜவுளிக்கடை திறப்பு விழா. மேடையில் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். பொன்னாடை போர்த்த வந்தவர் நீ தூங்குகிறாய் என்று நினைத்து, அடுத்த ஆளுக்குப் போர்த்திவிட்டுப் போய்விட்டார். விழா முடிந்து நாற்காலி எடுக்க வந்தவர்களுக்குத்தான் விஷயம் தெரிந்தது. மேடையில் நீ கண்ணை மூடியிருப்பது யாருக்கும் புதுசில்லை பார்.

ஊர் முழுக்க உனக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர். பஸ் ஸ்டாண்டு முனையில் இருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிசு. அதில் நீ பனியனும் டவுசரும் போட்டு, கையில் பந்தோடு அந்தரத்தில் பறக்கிறாய். தோள் இரண்டும் உருண்டு திரண்டு நிற்கிறது. உனக்கு எந்தக் காலத்தில் மச்சான் அப்படி ஒரு உடம்பு இருந்தது? சந்தேகப்பட்டுப் பேனர் கடைக்காரனைக் கேட்டேன்.

“அண்ணே, பாஸ்கெட்பால் ஆடி அரசியலுக்கு வந்தவருன்னு நெட்டுல தேடுனேன். பிலிப்பைன்ஸ்காரரு ஒருத்தரு வந்தாரு. அங்க இன்னா டவுனோ, அதுல கவுன்சிலராம். தலைய மட்டும் மாத்திட்டேன். ஜோரா இருக்குதில்ல?”

ஜோராகத்தான் இருந்தது. கழுத்துக்கு மேலே நீ, கீழே கடல் தாண்டி எங்கோ உயிரோடு இருக்கிற ஒரு மனுஷன். தனக்கு இங்கே நாற்பது நாளாக மாலை விழுந்துகொண்டிருப்பது தெரிந்தால் அவர் என்ன நினைப்பார்? உன் கட்சிக்காரர்கள் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பதினைந்து வருஷம் உன் தோளில் கைபோட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டவர்கள். நீ ஆடி ஒருவனும் பார்த்ததில்லை.

நான் பார்த்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருந்த கோர்ட்டில் நான் பந்து கொடுப்பேன், நீ போடுவாய். நீ யாருக்கும் திருப்பிக் கொடுக்கமாட்டாய், அது வேறு விஷயம். ஆனால் எம்பிப் போடுகிற நேரத்தில் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு நொடி மேலேயே நிற்பாய். மணிக்கட்டு மட்டும் மெல்ல மடங்கும். பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே போகும். கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த பையன்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வாயைப் பிளந்து நிற்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் உன்னைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது.

அந்தக் கோர்ட்டை எந்த அரசாங்கமும் நமக்குப் போட்டுத் தரவில்லை. ஒரு சித்திரை வெயிலில் ஊர்க்காரர்களே கூடித் தளம் போட்டார்கள். லாரியில் மூட்டை ஏற்றி இறக்கிய உன் அப்பாதான் சிமென்ட் மூட்டை அத்தனையையும் முதுகில் சுமந்தார். அதில் ஆடித்தான் நீ மாநில அணிக்குப் போனாய். அதைக் காட்டித்தான் வேலை வாங்கினாய். மூன்றே வருஷத்தில் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்சிக்குப் போனதும் அதைக் காட்டித்தான்.

ஓட்டுக் கேட்டுப் போனது ஞாபகம் இருக்கிறதா? நீ தெருத்தெருவாகப் பந்தைத் தட்டிக்கொண்டே போனாய். நான் பின்னால் நோட்டீஸ் கட்டோடு வந்தேன். “நம்ம புள்ள, ஊருக்குப் பேரு வாங்கிக் குடுத்த புள்ள” என்று பெண்கள் உனக்கு ஆரத்தி எடுத்தார்கள். நீ ஜெயித்துக் கவுன்சிலர் ஆகிவிட்டாய். அடுத்த வாரமே கோர்ட்டின் வடக்குக் கம்பத்திலிருந்து பலகையையும் வளையத்தையும் கழற்றச் சொன்னாய். எதற்கு? கட்சிக் கொடி ஏற்றக் கம்பம் வேண்டுமாம். ஊரில் வேறு கம்பமே கிடைக்கவில்லையா உனக்கு?

கொடி ஏறிய இடத்தில் கார் நின்றது. கார் நின்ற இடத்தில் பைக் நின்றது. கடைசியில் அதை இருசக்கர வாகன நிறுத்தமாக்கப் பேரூராட்சிக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள்கூட யோசித்தார்களாம். முதலில் கை தூக்கியது நீ. வளையத்தைப் பார்த்து உயர்ந்த அதே கை. இதை எழுதும்போது எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

உன்னைக் காறித் துப்ப எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பாய். கேள். அதே வாரம்தான் வெள்ளிமலை மலைப்பாதையில் கண்டக்டராக நின்று நின்று இடுப்பு விட்டுப்போயிருந்த என்னை, டெப்போவில் சொல்லி, மணலூர்பேட்டை ரூட்டுக்கு மாற்றிக் கொடுத்தாய். “இன்னா மாப்ள, இப்ப சந்தோசமா?” என்றாய். நானும் பல்லைக் காட்டினேன். சமதளத்தில், கரும்புக் காட்டுக் காற்றில், இத்தனை வருஷம் சுகமாகச் சீட்டுக் கிழித்தேன். உன்னைத் திட்டுவதெல்லாம் வீட்டில் சோறு தின்னும்போதுதான்.

போன வருஷம் வெள்ளிமலையிலிருந்து ஜெயந்தி டீச்சர் உன்னைப் பார்க்க வந்த அன்றும் நான் உன் பக்கத்தில்தான் இருந்தேன். விளையாட்டு டீச்சர். ஆறு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் இறங்கி வந்திருந்தார்.

“சார், தெக்கால ஒரு வளையம் இன்னும் இருக்குது. அந்தப் பாதிய மட்டும் வுட்டாக்கூடப் போதும் சார். மலைமேல எங்க எடம் சரிவு. பந்து வுழுந்தா பள்ளத்துக்குப் போயிடுது. அத எடுக்க ஓடறதிலயே பாதி நேரம் போயிடுது.”

நீ மனுவைக்கூடப் படிக்கவில்லை. பிள்ளைகளை மேலும் கீழும் பார்த்தாய்.

“டீச்சர், மலைப்பொண்ணுங்க உயரம் பத்தாது. கபடி கிபடி கத்துக் குடுங்க.”

“எல்லாரும் எட்டித் தொட்டுடக் கூடாதுன்னுதான் சார் வளையத்த மேல வெச்சிருக்காங்க. கையாலயே தொட முடிஞ்சா பந்து எதுக்கு?”

நீ டீ கொண்டுவரச் சொன்னாய். பதில் இல்லாதபோது டீ சொல்வது உனக்குக் கட்சி கற்றுக்கொடுத்த பழக்கம். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சேதிக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உனக்குப் படத்திறப்பு. எங்கே தெரியுமா? அதே இடத்தில். பைக்குகளை ஓரம் கட்டிவிட்டுப் பந்தல் போட்டார்கள். வடக்குக் கம்பத்தில் கொடி பாதியில் தொங்கியது. அதற்கு முதல் நாள் கட்சிக்காரர்கள் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்திருந்தார்கள். ‘விளையாட்டு வீரர் சேகர் நினைவு இருசக்கர வாகன நிறுத்தம்’ என்று உன் பெயரை நிரந்தரமாக வைக்கப் போகிறார்களாம். பெண்டாட்டி பிள்ளை இல்லாத உனக்குத் தேன்மொழிதானே சொந்தம்? குடும்பத்துக்குச் சம்மதம் என்று அவள் கையெழுத்துப் போட்டு மேடையில் கொடுக்க வேண்டும். போட்டுவிட்டால் ஸ்டாண்டு ஸ்டாண்டுதான். உன் பெயர் இருக்கும் வரைக்கும் அங்கே ஒருத்தரும் பந்தைத் தட்ட முடியாது.

வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். ஒரு வீரனுக்கு ஊர் செய்கிற மரியாதை ஸ்டாண்டு போர்டா என்று கத்தினேன். அவள் அழுதாள்.

“எங்கண்ணன் பேரு ஊர்ல நிக்கட்டுமே, உனக்கு இன்னா போச்சு? அதுக்குன்னு இன்னா இருக்குது? வூடு இருக்குதா, புள்ள இருக்குதா?”

மறுநாள் படத்திறப்புக்குத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.

பேசினார்கள் மச்சான், பேசினார்கள். ஒருத்தர் உன்னைக் கைப்பந்து வீரர் என்றார். இன்னொருத்தர், “அண்ணன் சேகர் ஒரே மேட்ச்ல எத்தன கோல் போட்டாரு தெரியுமா!” என்று கேட்டார், கை தட்டினார்கள். தலைமை சொன்னால் மறுபேச்சு இல்லாமல் கை தூக்கியவர் என்று எல்லாருமே மெச்சினார்கள். அவர்கள் அறிந்த சேகர் அவ்வளவுதான். அதிலும் அவர்கள் சொன்னது பொய்யில்லை என்பதுதான் எனக்கு எரிந்தது.

அப்போதுதான் ஜெயந்தி டீச்சரும் அந்தப் பிள்ளைகளும் வந்தார்கள். கோபம் இருக்க வேண்டியவர்கள் மாலையோடு வந்தார்கள். படத்துக்குப் போட்டுவிட்டுத் திரும்பும்போது ஒரு பிள்ளை தேன்மொழியிடம் குனிந்து மெல்லக் கேட்டது.

“அத்த, இவரு எங்க ஆடுனாரு?”

“நீ நிக்கிற எடத்துலதான்.”

பிள்ளை குனிந்து தரையைப் பார்த்தது. எண்ணெய் சொட்டிக் கறுத்துக் கிடந்த சிமென்ட்டைக் காலால் தேய்த்தது. பிறகு ஓரமாக அடுக்கியிருந்த வண்டிகளைப் பார்த்தது.

“இங்கயா? அப்ப இவரு ஆடற எடத்த யாரு புடுங்கிக்கினாங்க?”

தேன்மொழியின் கை இடுப்பில் செருகியிருந்த தாளுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். போட்டோக்காரர் தயாராக நின்றார். அவள் தாளைக் கொடுக்காமல் மைக்கைப் பிடித்தாள். பிறந்ததிலிருந்து மைக்கைத் தொடாதவள்.

“எல்லாருக்கும் வணக்கங்க. இது எங்கப்பா மூட்ட சுமந்து போட்ட தளம். எங்கண்ணன் இதுல ஆடுச்சு. அப்புறம் அதுவே கையத் தூக்கி வண்டி வுட வெச்சிடுச்சு. அது தப்புங்க. உசுரோட இருந்தா திருத்தியிருக்கும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். திருத்தியிருக்காது. ஆனா செத்தப்புறமும் அந்தத் தப்புமேல அது பேர எழுதி வெக்க வாணாங்க. பொண்ணுங்க ஆடட்டும். நான் கையெழுத்துப் போடல.”

நடுவிலேயே மைக்கை அணைத்துவிட்டார்கள். அவள் குரலுக்கு மைக் எதற்கு? பஸ்ஸுக்கு நின்றவர்கள் வரை கேட்டது. பேரூராட்சித் தலைவருக்கு முகம் வெளுத்துவிட்டது. பெயர் வைப்பதை ஒத்திவைக்கிறோம், பெண்கள் கோரிக்கையைப் பரிசீலிக்கிறோம் என்றார். பரிசீலனை என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் ஊர் பேசிய பேச்சில் ஸ்டாண்டு நடத்துகிறவர் பயந்துவிட்டார். இனி ஞாயிற்றுக்கிழமை காலையில் தெற்குப் பாதியில் வண்டி விடமாட்டேன் என்று தானாக வந்து சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அவளைப் பாராட்டலாம் என்று வாயைத் திறந்தேன். உன் தங்கச்சி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே மச்சான், அதை நான் உனக்கென்றுதான் இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்தேன். எனக்கே கிடைத்தது.

“நீ பேசாத. இத்தினி வருசமா சோறு துன்னுக்கினே எங்கண்ணனத் திட்டுனியே, ஒரு நாளாவது நேர்ல சொன்னியா? நீ ஒருத்தன் சொல்லியிருந்தா அது கேட்டிருக்குமோ இன்னாவோ. உன்கூட ஆடுன ஆளுதான?”

கேட்டிருப்பாயா மச்சான்? தெரியவில்லை. நான் சொல்லிப் பார்க்கவில்லை. உன்னைக் கேவலமாக நினைப்பது சுலபமாக இருந்தது, அதிலேயே காலத்தை ஓட்டிவிட்டேன். இந்தக் கடிதத்தில் இருக்கிற ஒவ்வொரு வரியும் நீ உயிரோடு எதிரே உட்கார்ந்திருந்தபோது சொல்ல வேண்டியது.

நேற்று டெப்போவில் ரூட்டை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். வெள்ளிமலை முதல் பஸ்ஸில் மறுபடியும் நான்தான் கண்டக்டர். இடுப்பு வலிக்கும், வலிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகள் இறங்குகிற வரைக்கும் ஒரு விசில்கூட கொடுக்க மாட்டேன்.

ஒரு சத்தியமும் செய்கிறேன். சேகர் என்பவர் எப்படி ஆடுவார் என்று அவர்களில் யார் கேட்டாலும், நீ எம்பி நின்ற அந்த ஒரு நொடியைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன். இந்த இடத்தைப் பிடுங்கிக் கொடுத்தது யார் என்று கேட்டால் உன் பெயரையும் சொல்வேன். அப்போது பக்கத்தில் இருந்தும் வாயைத் திறக்காதவன் யார் என்று கேட்டால், நான்தான் என்பேன்.

உன்மேல் இன்னும் கோபம் தீராத,
உன் தங்கச்சி புருஷன்
ராமமூர்த்தி